மூன்றெழுத்தும் ஒரு சிட்டிகை உப்பும்

2025 அக்டோபர் நடுவில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. எந்த உணவுப் பொருளும், பழச்சாறானாலும் குடிக்கத் தயாராக அடைத்து விற்கும் பானமானாலும், ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் மூன்றெழுத்தைத் தன் பெயரில் முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ தாங்கக் கூடாது என்பது அதன் சாரம். மருந்துக்கடை அடுக்குகளில் அட்டைப் பெட்டிகளில் அடைபட்டு நின்ற இனிப்பு நீர்கள் பல அம்மூன்றெழுத்தைச் சுமந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. அப்பெட்டிகளில் இருந்த சர்க்கரையோ அதைப் போலப் பல மடங்கு. வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைக்கு மருந்தென்று நம்பி அதைப் புகட்டிய பெற்றோர் எத்தனையோ பேர். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல்லாண்டுகள் விடாமல் வாதாடியதன் விளைவு அந்த ஆணை.

செய்தி குழந்தை மருத்துவத்தைப் பற்றியது. ஆயினும் நாள்தோறும் பூங்காவில் ஓடுபவருக்கும், உடற்பயிற்சிக் கூடத்தில் வண்ண வண்ணப் புட்டிகளோடு நிற்பவருக்கும் அது அந்நியமானதன்று. விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானமும் வாந்திபேதி நோயாளிக்குத் தரும் கரைசலும் ஒரே சமையலறையின் பிள்ளைகள். உப்பு, சர்க்கரை, நீர் என்ற மூன்றும் ஆறாண்டு இடைவெளியில் உலகின் இரு மூலைகளில் கலக்கப்பட்டன. ஒன்று வணிகப் பெயராயிற்று. மற்றொன்று பதினொரு காசுக்குக் கிடைத்தது. அவ்விரு கலவைகளின் வரலாற்றில் பெயர்கள் செய்த வேலை, பொருள்கள் செய்த வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஓடுகிறவன் நீர் குடிக்கலாமா என்பதே ஒரு காலத்தில் தீராத ஐயமாக இருந்தது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மராத்தானில், வழியில் நீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். நீரில்லாமல் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ஆசை அமைப்பாளருக்கு. வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் தரப்பட்டவை முட்டையின் வெண்கருவும் பிராந்தியும் ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சும். புழுதிப் பாதையில் 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் அவர் உயிரோடு கோட்டைக் கடந்ததே வியப்பு. பயிற்சியின்போது நீர் குடிப்பது கோழைத்தனம் என்ற எண்ணம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் விளையாட்டுத் திடல்களில் நிலவியது.

வியர்வையோடு உப்பும் போகிறது, நீரை மட்டும் ஊற்றினால் போதாது என்ற அறிவு திடலிலிருந்து வரவில்லை. அது சுரங்கத்திலிருந்து வந்தது. 1920களில் பிரிட்டனின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் கை கால் வயிற்றுத் தசைகள் முறுக்கிக்கொள்ளும் கொடிய பிடிப்பால் துடித்தார்கள். வெப்பத்தில் வியர்த்துக் கொட்டியபின் வெறும் நீரை மடமடவென்று குடித்தவர்களுக்கே அது வந்தது. கே. நெவில் மாஸ் 1923இல் இதை ஆராய்ந்து எழுதினார். உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன் குடிநீரில் சிறிது உப்புச் சேர்க்கச் சொன்னார். பிடிப்பு அடங்கியது. 1932இல் அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டிய தொழிலாளரிடமும் ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ் டில் குழுவினர் அதையே கண்டார்கள். விளையாட்டுப் பானத்தின் வரலாறு என்று வெளிவரும் நூல்கள் பெரும்பாலும் 1965இல்தான் தொடங்குகின்றன. அதற்கு நாற்பதாண்டு முன்பே கூலிக்கு வியர்வை சிந்தியவர்களின் உடலிலிருந்து பெற்ற அறிவு அது என்பதை அவை போகிற போக்கில் கூடச் சொல்வதில்லை.

1965 நிகழ்ச்சி பலரும் அறிந்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்றுநர் டுவெய்ன் டக்ளஸ், சிறுநீரக மருத்துவர் இராபர்ட் கேடிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஆட்டம் முடிந்தபின் வீரர்கள் ஏன் சிறுநீர் கழிப்பதே இல்லை? ஒரே ஆட்டத்தில் எட்டுக் கிலோ வரை எடை இழந்தவர்களும் இருந்தார்கள். எல்லாம் வியர்வை. சிறுநீராக வெளியேற உடலில் மிச்சமே இல்லை. கேடும் அவருடைய உடன் ஆய்வாளர் மூவரும் வியர்வையையும் இரத்தத்தையும் அளந்து பார்த்து, உப்பும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் நீரில் கலந்தார்கள். முதல் கலவை வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. குடித்துப் பார்த்த கேடே வாந்தி எடுத்தார். எலுமிச்சைச் சாறு பிழியச் சொன்னவர் அவர் மனைவி மேரி. ஆய்வகத்தில் நின்றுபோன வேலையை வீட்டுச் சமையலறை முடித்துக் கொடுத்தது. நம் நாட்டில் வெயிலில் வந்தவருக்கு எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையும் உப்பும் இட்டுக் கொடுக்கும் எந்த வீட்டாரும் அந்த யோசனையைக் கேட்டுப் புன்னகைப்பார்கள்.

பெயர் வைத்ததில்தான் சுவையான செய்தி இருக்கிறது. அணியின் பெயர் கேட்டர்ஸ், அதாவது முதலைகள். முதலில் எண்ணிய பெயர் ‘கேட்டர்-எய்டு’, உதவி என்ற பொருளில் வரும் எய்டு. அப்படிப் பெயரிட்டால் அது மருந்தென்று பொருள்படும், பயனை மெய்ப்பிக்க ஆயிரக்கணக்கானோரிடம் சோதனை நடத்த வேண்டிவரும் என்று உணர்ந்து, ஒலி அதே, எழுத்து வேறு என்று லெமனேடின் ஈற்றைச் சேர்த்து ‘கேட்டரேட்’ ஆக்கினார்கள். மருத்துவர்கள் உருவாக்கிய ஒன்று, பெயரின் ஈற்றசை மாறியதால் எலுமிச்சைச் சாற்றின் இனத்தில் சேர்ந்துகொண்டது. 1967 சனவரியில் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் புளோரிடா வென்றதும் பானத்தின் புகழ் பரவியது. அதே ஆண்டில் ஸ்டோக்லி-வேன் கேம்ப் என்னும் உணவு நிறுவனம் உரிமையைப் பெற்றது. இலாபத்தில் பங்கு கேட்டுப் பல்கலைக்கழகம் வழக்காடியது. 1983இல் குவேக்கர், 2001இல் பெப்சிகோ என்று உரிமை கைமாறிக்கொண்டே போனது. அந்தக் கதை இங்கே தேவையில்லை.

இனி மற்றொரு மூலை. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாந்திபேதி நோயாளிகள் 186 பேருக்கு, ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் கொடுத்து மீட்டதைச் சொல்லும் கட்டுரை அது. அவர் ஆய்வுகளில் ஒரு பச்சிலைச் சாறும் இடம்பெற்றது. அதன் தாவரப் பெயர் கோலியஸ் அரோமேட்டிகஸ். நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லிதான். கட்டுப்பாட்டுக் குழு வைத்து ஒப்பிடாத ஆய்வென்பதாலோ, நரம்புவழி நீரேற்றமே அறிவியல் என்று உலகம் நம்பியிருந்ததாலோ, அக்கட்டுரையை அன்று பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. ஏன் அந்தக் கலவை வேலை செய்கிறது என்பதை 1960இல் இராபர்ட் கிரேன் பிராக் நகரக் கருத்தரங்கில் விளக்கினார். சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன, நீர் அவற்றின் பின்னால் போகிறது என்பதே விளக்கம். நோயால் பேதியாகும் குடலிலும் அந்த வாயில் மூடுவதில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்டு கேஷும் அதை நோயாளிகளிடம் மெய்ப்பித்தார்கள். ஓட்டக்காரரின் குடலிலும் திறப்பது அதே வாயில்தான்.

ஆயினும் அது மருத்துவமனைக்குள் தேர்ந்தவர் கையில் இருந்த முறை. அதைத் தரைக்குக் கொண்டுவந்தது 1971.

கிழக்கு வங்கத்தில் போர் மூண்டு இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டினார்கள். எல்லையோர ஊரான போன்காவில் ஏதிலிகளிடையே வாந்திபேதி பரவியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆய்வு மையத்தில் பணியாற்றிய திலீப் மஹலனபிஸ் அங்கே சென்றபோது மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். மலமும் வாந்தியும் நிறைந்த அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் நரம்பில் ஊசி ஏற்ற முடிந்தது. சில நாட்களில் சலைன் புட்டிகள் தீர்ந்தன. ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. வேறு வழியில்லாமல் அவர் எடுத்த முடிவு, உணவு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், குளுக்கோஸ் 22 கிராம் என்று ஒரு லிட்டருக்கு அளந்து பொட்டலம் கட்டுவது. கல்கத்தாவில் மையத்தின் நூலக அறையே பொட்டலம் கட்டும் இடமாயிற்று. போன்காவில் பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் தாயோ உடன்பிறந்தவரோ கோப்பையில் முகந்து புகட்டினார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 காசு. அத்தகைய முகாம்களில் 30 விழுக்காடு வரை எட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1973இல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1978இல் லான்செட் தன் தலையங்கத்தில் அம்முறையை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது.

இங்கேயும் ஒரு பெயர் உண்டு. வாயால் குடிக்கும் உப்புநீர் உயிரைக் காக்கும் என்பதை மக்கள் எளிதில் நம்பவில்லை. சலைன் என்றால் புட்டியிலிருந்து குழாய் வழியே நரம்பில் இறங்குவது. அதற்கு மதிப்பிருந்தது. ஆகவே மஹலனபிஸும் உடனிருந்தவர்களும் அதை ‘வாய்வழிச் சலைன்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இதுவும் சலைன்தான், குடிக்கலாம் என்றார்கள். ‘ஓரல் சலைன்’ என்ற அந்தத் தொடர் இன்றும் வங்கதேசத்தில் ‘ஓர்சலைன்’ என்று ஒரே சொல்லாய்ச் சுருங்கி ஊர்ப் பெட்டிக்கடை வரை வழங்குகிறது. புளோரிடாவில் பாட்டில் பானம் மருந்தின் பெயரை உதறியது, சோதனையிலிருந்து தப்ப. போன்காவில் உப்புநீர் மருந்தின் பெயரைக் கேட்டு வாங்கியது, நம்பிக்கையைப் பெற. பின்னாளில் இந்தியச் சந்தையில் இனிப்பு நீர் அதே மருந்துப் பெயரைத் திருடிக்கொண்டது, விலையைப் பெற. பெயர் மாற்றங்கள் மூன்றுக்கும் நோக்கம் மூன்று. மஹலனபிஸ் தம் கலவைக்குக் காப்புரிமை கோரவில்லை. 2022 அக்டோபரில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அவருடைய பெயருக்கு அறிவிக்கப்பட்டது.

பொட்டலமும் கிடைக்காத வீட்டில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டு உழைத்து விடை கண்டது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாருக்குக் கற்பித்தார்கள். ‘லோபோன்-குர்’ என்பது பாடத்தின் பெயர், உப்பும் வெல்லமும். மூன்று விரலால் அள்ளும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர். கிராமும் மில்லிலிட்டரும் நுழையாத வீட்டில் விரலும் கையும் அளவுகோல் ஆயின. வீட்டுப் பாத்திரத்தில் அரைச் சேர் நிற்கும் இடத்தில் பணியாளர் குறி இட்டுக் கொடுத்தார்கள். பின்னர் வேறொருவர் வந்து தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பார்ப்பார். கற்பித்தவரின் ஊதியம் அதைப் பொறுத்தது. பாடம் சொன்னதற்குக் கூலி இல்லை, பாடம் பதிந்ததற்கே கூலி. கல்வித் துறையினர் இன்னும் கொஞ்சம் பேசியிருக்க வேண்டிய ஏற்பாடு அது.

சிட்டிகை என்ற அளவு கிராமத்தாரின் எளிமைக்காகச் செய்துகொண்ட சமரசம் என்று எண்ணிவிடக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து, குறைந்தால் பயனில்லை. ஆளுக்கு ஆள் விரல் வேறு. அதனால்தான் எந்த ரேகை வரை அள்ள வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தார்கள். இன்று உடற்பயிற்சிக்காக வீட்டில் பானம் கலப்பவர்கள் தவறும் இடமும் அதுவே. சர்க்கரையைத் தாராளமாகப் போடுகிறார்கள், உப்பை மறந்துவிடுகிறார்கள். பள்ளி விளையாட்டு விழாக்களில் உள்ளங்கையில் கொட்டிய குளுக்கோஸ் தூளை நக்கிவிட்டு ஓடிய தலைமுறையின் பழக்கம் அது. வெறும் குளுக்கோஸ் தூளுக்குக் குடலின் அந்த வாயிலில் சோடியத் துணை இல்லை. அடர்த்தி மிகுந்துவிட்டால் உள்ளே போக வேண்டிய நீரைக் குடல் தன் பக்கமே இழுத்துக்கொள்ளும். வயிறு கனத்து, ஓட்டம் தளரும்.

இந்தியச் சமையலறைகளில் இந்தக் கலவையின் முன்னோர் இருந்தார்களா என்றால், இருந்தார்கள், ஆனால் எல்லாரும் அதே வேலையைச் செய்யவில்லை. பெருமிதத்தோடு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது வரலாற்றுக்கும் நியாயமன்று, உடலுக்கும் நன்றன்று. வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் கலந்த பானகம் இராமநவமியில் வீடுகளில் வழங்கும். ஆந்திரத்து மங்களகிரி நரசிம்மருக்கு அதுவே நைவேத்தியம். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் விளையாட்டுப் பானத்துக்கு மிக நெருங்கிய உறவு. நீர்மோரில் உப்பு உண்டு, சர்க்கரை சொற்பம். பீகாரின் கூலித் தொழிலாளர் வறுத்த கடலை மாவை நீரில் கரைத்து உப்பும் எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்துக் குடிக்கும் சத்து, பானத்தை விட உணவுக்கே அதிகம் நெருங்கியது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நெடுநேரம் வியர்த்தவருக்கு அது மட்டும் போதாது, உப்பு சேர வேண்டும். இவற்றுள் அறிவியல் பெரிதும் வியந்தது கஞ்சியை. வயிற்றுப்போக்குக்கு அரிசி மாவால் ஆன கரைசல் நன்கு உதவும் என்று 1980களில் டாக்கா ஆய்வுகள் காட்டின. மாவுப்பொருள் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. கரைசலில் ஒரு சங்கிலி ஒரு துகளாகவே கணக்கிடப்படுவதால் அடர்த்தி ஏறாது. குடலில் அது மெல்லமெல்ல அறுந்து சர்க்கரையாகும். இன்று விலையுயர்ந்த விளையாட்டுப் பொடிகளில் சேர்க்கும் மால்டோடெக்ஸ்டிரினும் இதே சூத்திரத்தில்தான் நிற்கிறது. ஒடிசாவின் பகாளம், வங்கத்தின் பந்தா பாத், நம் நீராகாரம் ஆகியவற்றில் உப்பிட்டு வயலுக்குச் சென்றவர்கள் சூத்திரம் அறியாமல் அதன் பயனை அறிந்திருந்தார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் வரலாற்றில் பதிந்திருக்கிறது. நீரே குடிக்காதே என்ற காலம் போய், 1980களுக்குப் பின் தாகம் எடுக்கும் முன்பே, முடிந்தவரை குடி என்ற போதனை வந்தது. பான விளம்பரங்கள் அதற்குத் துணை நின்றன. 2002 பாஸ்டன் மராத்தானில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் இறந்தார். காரணம் நீரிழப்பன்று, நீர் மிகுந்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனது. அதே ஓட்டத்தில் பங்கேற்ற 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியான ஆய்வில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. விளையாட்டுப் பானம் குடித்தவர்களும் தப்பவில்லை. அதிலுள்ள உப்பு இரத்தத்தின் உப்பைவிட வெகு குறைவு. அளவுக்கு மீறிக் குடித்தால் அதுவும் வெறும் நீரைப் போலத்தான். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டிம் நோக்ஸ் இதைப் பற்றி 2012இல் ஒரு பெருநூலே எழுதினார். தாகம் எடுக்கும்போது குடி என்ற பழைய சொல்லுக்கு விளையாட்டு மருத்துவம் சுற்றிவளைத்துத் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நடைக்கும் பயிற்சிக்கும் நல்ல நீரே போதும். அதற்கு மேல் வெயிலில் ஓடுபவர் ஒரு லிட்டர் நீரில் 50 முதல் 60 கிராம் சர்க்கரையோ வெல்லமோ, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சையின் சாறு கலந்துகொண்டால் கடையில் விற்கும் புட்டிக்கும் அதற்கும் உடலளவில் வேறுபாடு பெரிதில்லை. செலவு சில ரூபாய். தேக்கரண்டியைத் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். குவியலாக எடுத்தால் உப்பு ஏறத்தாழ இரட்டித்துவிடும். இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இந்தக் கலவையை வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குக் கொடுக்கலாகாது. அதற்குரிய அளவு வேறு. ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. அதாவது சர்க்கரை ஏறத்தாழ பாதி, உப்பு இரு மடங்கு. அதுவும் பொட்டலம் கிடைக்காதபோது மட்டும். மருந்துக்கடையில் அந்தப் பொட்டலம் வாங்குபவர், முகப்பில் பெரிதாக எழுதிய பெயரை விட்டுப் பின்புறம் சிறிய எழுத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று ஒரு லிட்டருக்கான கணக்கு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.